லோயர் பாஸ், ஹையர் பாஸ், அப்புறம்?

"எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப் ஹையர், ஷார்ட்ஹேண்ட் லோயர்." தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் வேலை விண்ணப்பத்திலும் இந்த வரி இருக்கும், கல்யாணப் பேச்சிலும் இருக்கும். பையன் இன்னும் வேலைக்குப் போகவில்லை என்றாலும் "ஹையர் முடிச்சிருக்கான்"னு சொன்னால் போதும், கேட்பவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வரும். எங்கேயாவது ஒரு நாற்காலி கிடைத்துவிடும் என்று அர்த்தம்.

செயற்கை நுண்ணறிவு தமிழ்நாட்டு வேலைகளை என்ன செய்யும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வருகிறது. எத்தனை லட்சம் வேலை போகும், எத்தனை லட்சம் புதிதாக வரும் என்ற கணக்குகளில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. அவை நாற்காலிகளை எண்ணுகின்றன. சின்ன ஊரிலிருந்து கிளம்பிய ஒருவர் அந்த நாற்காலி வரை எந்த வழியில் போய்ச் சேர்ந்தார் என்பதை எண்ணுவதில்லை. கடந்த நூறு வருடத்தில் அலுவலகத்துக்குள் நுழைந்த ஒவ்வொரு இயந்திரமும் அந்த வழியை எப்படி மாற்றியது என்று பார்த்தால், இப்போது நடப்பதில் எது பழசு, எது புதுசு என்பது கொஞ்சம் பிடிபடும்.

டைப்ரைட்டரிலிருந்து ஆரம்பிப்போம். 1870-களில் அமெரிக்காவில் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த இயந்திரம் அது. கூடவே பிட்மன் சுருக்கெழுத்து. துரை சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்து, பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கும் ஆள் எல்லா அலுவலகத்துக்கும் தேவைப்பட்டார். சென்னை மாகாணத்தில் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தத் திறமையை அளக்க அரசே தேர்வு நடத்தியது. இன்றைக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது. இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. பத்து நிமிடத்தில் 1,500 அடிப்பு, 2,250 அடிப்பு என்று எண்ணிக் கணக்குப் போடுவார்கள். சுருக்கெழுத்தில் இளநிலை 80 சொல், முதுநிலை 120.

இதில் என்ன பெரிய விஷயம்? கல்லூரி தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், சில மாதங்கள், கொஞ்சம் ஃபீஸ். காலை ஆறு மணி பேட்சுக்குப் போய்விட்டு கடையில் வேலை பார்க்கலாம், வீட்டு வேலையும் செய்யலாம். பெண் பிள்ளைகளைத் தனியாக வெளியே அனுப்பத் தயங்கிய வீடுகள்கூட டைப் கிளாஸுக்கு அனுப்பின. தேர்வில் ஆள் முக்கியமில்லை, தாள்தான் பேசும். கிடைக்கும் சான்றிதழ் உங்கள் ஊரில் மட்டும் செல்லுபடியாவது அல்ல. பம்பாயில் செல்லும், டெல்லியில் செல்லும், கல்கத்தாவில் செல்லும்.

அப்படித்தான் போனார்கள். பம்பாய் மாட்டுங்காவும் டெல்லி கரோல்பாக்கும் தமிழர் பேட்டைகளாக ஆனதில் ஸ்டெனோகிராபர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு திறமை ஒரு வட்டாரத்தோடு இவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டால் அதற்கு அரசியல் விலையும் உண்டு. பால் தாக்கரே தன் 'மார்மிக்' வாரப் பத்திரிகையில், பம்பாய் அலுவலகங்களில் பதவியில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டார். அந்தப் பகுதிக்குத் தலைப்பு 'வாசா ஆணி தண்ட் பசா', அதாவது படியுங்கள், சும்மா உட்காருங்கள். 1966-இல் சிவசேனை பிறந்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் தெரிந்த ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது, உள்ளூர்க்காரர்களுக்கு இன்று ஆட்டோமேஷன் எப்படித் தெரிகிறதோ அப்படித் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சும்மா பொற்காலம் என்று பாடிவிடக் கூடாது. ஆரம்பத்தில் இந்த வழியில் போனவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஆங்கிலம் படித்த பிராமணர்கள். இயந்திரம் எல்லோருக்கும் பொதுதான், அதில் அடிக்க வேண்டிய மொழி பொது இல்லை. அந்தக் கதவு அகலமானது தமிழ் டைப்ரைட்டரால். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, மலாயாப் பக்கம் போய் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழுக்கு ஒரு விசைப்பலகையை வடிவமைத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க வேண்டும். புள்ளிக்கும் சில கொம்புகளுக்கும் 'நகரா விசை' என்று வைத்தார்கள். அந்த விசையை அடித்தால் வண்டி நகராது, அடுத்த எழுத்து அதன்மேலேயே வந்து உட்காரும். அதனால் தமிழ் டைப்பில் புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். எழுதும்போது தலைகீழ்! 'யளனகபக' என்று முதல் பாடம் அடித்த விரல்கள் இந்தத் தலைகீழ் வரிசையை ஆயுசுக்கும் மறக்கவில்லை. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை தரமாக்கப்பட்ட பிறகும், கணினியில் பழைய டைப்ரைட்டர் வரிசையே வேண்டும் என்று கேட்டவர்கள் ஏராளம்.

1956-இல் சென்னை மாநிலம் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழில் கோப்பு நடக்க வேண்டும் என்றால் தமிழில் அடிக்க ஆள் வேண்டும். ஆங்கிலம் தடுமாறும் பையனும் பெண்ணும் தமிழ் ஹையர் எழுதித் தாலுகா ஆபீஸுக்குள் போக முடிந்தது இதனால்தான். ஒரு இயந்திரம், ஒரு சட்டம், ஒரு மலிவான தேர்வு. மூன்றும் சேர்ந்தபோதுதான் வழி திறந்தது. இயந்திரம் மட்டும் தனியாக வந்து எதையும் திறக்கவில்லை.

அடுத்து கணினி. அதன் வருகையை இந்தியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்த கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் எல்.ஐ.சி. கல்கத்தாவில் கணினி வைக்கப் பார்த்தபோது, ஊழியர்கள் இலாகோ ஹவுஸ் கட்டிடத்தைச் சுற்றி இரவெல்லாம் காவல் இருந்தார்கள். உள்ளே இருப்பதைக் காப்பதற்காக இல்லை, கணினி உள்ளே வராமல் பார்ப்பதற்காக. மத்திய அரசு 1969-இல் வி. எம். தாண்டேகர் தலைமையில் ஆட்டோமேஷனை ஆராய ஒரு குழு போட்டது. 1972-இல் அறிக்கை வந்தது. வங்கிகளில் 1983 செப்டம்பரில்தான் இயந்திரமயமாக்கல் பற்றிச் சங்கங்களோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. அதை அடுத்து வந்தது நம்மூர் சி. ரங்கராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழுவின் அறிக்கை. இந்தப் போராட்டங்களைப் பிற்போக்கு என்று இன்று கேலி செய்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினைந்து இருபது வருடம் தள்ளிப்போட்டதில் ஒரு தலைமுறை கௌரவமாக ஓய்வு பெற்றது. இயந்திரத்தை இயக்குபவருக்கு என்ன படி, எந்த வேலைக்கு எது என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பேசப்பட்டது. இன்று அப்படிப் பேச மேசையும் இல்லை, எதிரில் உட்கார ஆளும் இல்லை.

தனியார் கம்பெனிகளில் டைப்பிஸ்ட் காணாமல் போன விதம் வேறு. யாரையும் வாசலில் நிறுத்தித் துரத்தவில்லை. மேனேஜர் தானே கீபோர்டில் தட்டப் பழகிக்கொண்டார். டைப்பிஸ்ட் ரிட்டையர் ஆனார். அந்த இடத்துக்கு விளம்பரம் வரவில்லை. அவ்வளவுதான். வேலை போனது உள்ளே இருந்தவருக்கு இல்லை, வெளியே வரிசையில் நின்றவருக்கு. இந்த மாதிரி இழப்பு எந்த வேலையிழப்புக் கணக்கிலும் ஏறாது.

அதே காலத்தில் அச்சகங்களில் நடந்தது இதைவிடக் கூர்மையானது. அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளைத் தலைகீழாக, இடவலம் மாறிப் படித்துக் கோப்பார். கோத்துக் கோத்து மொழி கைக்கு வந்துவிடும். ஆசிரியர் விட்ட பிழையை அவர் கண் பிடிக்கும். எழுத்தாளர் விந்தன் அப்படி வந்தவர்தான். கம்பாசிட்டராகத் தொடங்கி, 'கல்கி'யில் உதவி ஆசிரியராகி, நாவலாசிரியராக நின்றார். 1990-களில் டி.டி.பி. வந்தது, ஈய எழுத்துப் பெட்டிகள் எடைக்குப் போயின. திருவல்லிக்கேணியில் சந்துக்குச் சந்து டி.டி.பி. கடைகள் முளைத்தன, டைப் இன்ஸ்டிட்யூட் போர்டுகளில் 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று ஒரு வரி கூடியது. வேலைகள் கூடின என்றே சொல்லலாம். ஆனால் கோப்பதிலிருந்து திருத்துவதற்கும், திருத்துவதிலிருந்து எழுதுவதற்கும் ஏறிய அந்தப் படிக்கட்டு? அது கடையில் இல்லை.

இந்தப் படிக்கட்டு விஷயம் தெளிவாகத் தெரிந்தது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில். 1990-களின் பிற்பகுதியிலிருந்து சென்னை, கோவை என்று பல ஊர்களில் இந்தத் தொழில் ஓடியது. இதைப் பற்றித் தமிழில் ஏன் இவ்வளவு குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பது எனக்குப் புரியாத ஒன்று.

அமெரிக்க டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பேசிப் பதிவு செய்வார். அவர்களுக்கு இரவு, நமக்குப் பகல். அந்த ஒலிக்கோப்பு இங்கே வரும். காதில் ஹெட்ஃபோன், காலடியில் ஒலியை நிறுத்தவும் பின்னால் ஓட்டவும் ஒரு ஃபுட் பெடல், கையில் கீபோர்டு. ஷார்ட்ஹேண்ட் நோட்டு இல்லாத ஸ்டெனோ வேலை என்றே சொல்லலாம். ஸ்பேஸையும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன். லைனுக்கு இவ்வளவு காசு. சாப்பிட்டுக்கொண்டே பேசும் டாக்டர், லிஃப்டில் நின்று பேசும் டாக்டர், வேற்று நாட்டு உச்சரிப்போடு பேசும் டாக்டர் என்று எல்லாவற்றையும் கேட்டுப் பழக வேண்டும். ஹைப்பர்டென்ஷனா ஹைப்போடென்ஷனா? பதினைந்து மில்லிகிராமா ஐம்பதா? ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். இந்த மருந்துக்கு ஐம்பது மில்லிகிராம் டோஸே கிடையாது என்று தெரிந்தவர்தான் சரியாக அடிப்பார். அந்தத் தெரிவு எங்கிருந்து வரும்? ஆயிரக்கணக்கான கோப்புகளை அடித்ததிலிருந்து வரும். இரண்டு மூன்று வருடம் அடித்தவர் எடிட்டர் ஆவார், மற்றவர்கள் அடித்ததைக் கேட்டுத் திருத்துவார். தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற நிறையப் பேருக்கு இது ஒரு நல்ல வழியாக இருந்தது.

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தபோது நடந்ததைக் கவனியுங்கள். உடனே யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மென்பொருள் ஒரு வரைவு போட்டுக் கொடுத்தது. எல்லோரும் எடிட்டர் ஆனார்கள்! கேட்கப் பதவி உயர்வு மாதிரி இருக்கிறது. ஆனால் எடிட்டிங் லைனுக்கான காசு, டைப்பிங் லைனைவிடக் குறைவு. பாதி வேலையை மெஷின் செய்துவிட்டதே என்பது காரணம். உண்மையில் மெஷின் செய்தது சுலபமான பாதியை. மனிதப் பிழை பார்த்தவுடன் தெரியும்: எழுத்து விட்டுப்போயிருக்கும், கோடு போட்டுக் காலி இடம் விட்டிருப்பார். மெஷின் பிழை அழகான வாக்கியமாக, நம்பும்படி இருக்கும். அதைப் பிடிக்கக் கவனம் அதிகம் வேண்டும், கூலியோ குறைவு. 2022-இல் மைக்ரோசாஃப்ட், இந்தத் துறையின் பெரிய மென்பொருள் கம்பெனியான நுவான்ஸை வாங்கி முடித்தது. ஏறத்தாழ 1,970 கோடி டாலர் விலை. இப்போது டாக்டர் தனியாகப் பேசிப் பதிவு செய்யவே வேண்டாம். அறையில் நோயாளியோடு பேசுவதைக் கேட்டுக் குறிப்பை மென்பொருளே எழுதுகிறது. டாக்டர் ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

பழைய எடிட்டர்களின் திறமை நிஜம். அவர்கள் அதை அடித்து அடித்துப் பெற்றார்கள். இனி அடிக்கும் வேலை இல்லை என்றால் அடுத்த எடிட்டர் எங்கே உருவாவார்? இது மருத்துவக் குறிப்போடு நிற்கும் கேள்வி இல்லை. ஐ.டி. கம்பெனியில் ஃப்ரெஷராகச் சேர்ந்தவர் முதல் இரண்டு வருடம் டெஸ்டிங் செய்து, சின்னச் சின்ன பக் சரிசெய்துதான் மற்றவர் எழுதிய கோடைப் படிக்கக் கற்றார். ஏ.ஐ. முதலில் எடுத்துக்கொள்வது அந்த வேலையைத்தான். 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரை, அதாவது உலகெங்கும் உள்ள ஊழியர்களில் 2 சதவீதத்தை, குறைக்கப்போவதாக அறிவித்தபோது எல்லாச் சானலிலும் அதுவே பேச்சு. இது ஏ.ஐ.யால் இல்லை, திறமைப் பொருத்தமின்மையால் என்று நிறுவனத் தலைவர் சொன்னார். காரணம் எதுவாக இருந்தாலும், அந்தச் செய்தியில் வந்த எண் உள்ளே இருப்பவர்களைப் பற்றியது. டைப்பிஸ்ட் கதையை வைத்துப் பார்த்தால் நான் கவனிக்க விரும்பும் எண் வேறு: ஒவ்வொரு வருடமும் கேம்பஸுக்கு வந்து எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பது.

புதுப் படிகளே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. ஏ.ஐ.க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலை, டேட்டா அனோட்டேஷன். 2009-இல் வெளியான இமேஜ்நெட் என்ற படத்தொகுப்புக்கு 167 நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட 49,000 பேர் இணையம் வழியாக உட்கார்ந்து இது நாய், இது நரி என்று பெயர் ஒட்டினார்கள். இன்றைய ஏ.ஐ. அலைக்கு அது ஒரு முக்கியமான அடித்தளம். அந்த மாதிரி வேலை இப்போது தமிழ்நாட்டின் சிறு ஊர்களிலும் நடக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆதரவில் 2000-களின் நடுவில் கிராமப்புற பி.பி.ஓ.வாகத் தொடங்கிய தேசிக்ரூ போன்ற நிறுவனங்கள் பிறகு இந்தப் பக்கம் வந்தன. சென்னையில் வாடகை கொடுத்துத் தங்காமல் சொந்த ஊரில் இருந்தபடி சம்பளம் வாங்குவது சின்ன விஷயம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட வேண்டிவரும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் டைப் ஹையரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வருடம் படங்களில் பெட்டி வரைந்தவர் கையில் என்ன சான்றிதழ் இருக்கிறது? எந்த கிளையண்டுக்குச் செய்தோம் என்பதையே வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். ஒரு புராஜெக்டின் விதிமுறை அடுத்த புராஜெக்டுக்கு ஆகாது. மேலும், சுலபமான பெட்டிகளை மாடலே வரைந்துவிடுகிறது. சரிபார்க்க மட்டும் மனிதர் போதும். சிக்கலான பதில்களுக்கு மதிப்பெண் போட டாக்டர், வக்கீல், கணிதம் படித்தவர் என்று தேடுகிறார்கள். படி இருக்கிறது, அடுத்த படியோடு சேரவில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரிகளுக்குள்ளேயே திறன் வகுப்புகளைக் கொண்டுபோனது. 2021-22 கணக்குப்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. டைப் கிளாஸ் காலத்தில் கனவிலும் நினைக்க முடியாத நிலை. என் சந்தேகம் பாடத்திட்டத்தில்தான். கருவியை இயக்கக் கற்றுத் தரும் வகுப்புக்கு ஆயுள் குறைவு. ஒய்.டூ.கே. பயத்தில் கோபால் படிக்க ஓடிய கூட்டத்துக்கு 2001-இல் என்ன ஆயிற்று என்று அந்த வயதுக்காரர்களைக் கேளுங்கள். இப்போது ஏ.ஐ.யிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று சொல்லித் தரும் வகுப்புகளும் அந்த ரகமாகவே எனக்குத் தெரிகின்றன.

சொல்லித் தர வேண்டியது மெஷின் தருவதைச் சரிபார்க்கும் திறமை, அதற்கு ஒரு பொதுத் தேர்வு. உதாரணத்துக்கு நீதிமன்றம். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 'சுவாஸ்' என்ற மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தீர்ப்புகளைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு மாற்ற அது உதவுகிறது, மனித மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். சட்ட ஆங்கிலத்தில் 'ஷால்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் செய்யலாம். தமிழில் இந்த இரண்டும் இடம் மாறினால் ஒருவருடைய நிலம் போகும், ஜாமீன் போகும். இதைப் பார்த்துப் பிடிக்கும் ஆளுக்கு எவ்வளவு சொல் வேகம், நூற்றுக்கு எத்தனை பிழை கண்டுபிடித்தால் தேர்ச்சி என்று ஒரு இளநிலை, முதுநிலை வைக்க முடியாதா? பயிற்சிக்காக மெஷின் இல்லாமல் கையால் மொழிபெயர்க்கும் ஒரு தாளும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விந்தன் ஏறிய படி திரும்ப வராது. 1,500 அடிப்பை எண்ணத் தெரிந்த அரசுக்கு இதை எண்ணத் தெரியாமல் போகாது.

டைப்ரைட்டரைத் தயாரிப்பதை கோத்ரெஜ் 2009-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் மாவட்டத் தலைநகரங்களில் டைப் இன்ஸ்டிட்யூட்டுகள் இன்னும் காலை ஆறு மணிக்குத் திறக்கின்றன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் தட்டச்சர் பதவிக்கு அந்தச் சான்றிதழ் இன்றும் வேண்டும். 2024-இல் 6,244 இடம் என்று அறிவித்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பி.இ. முடித்தவர்கள் பழைய ரெமிங்டன் முன்னால் உட்கார்ந்து 'யளனகபக' அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதிப் பாஸானால் என்ன கிடைக்கும் என்று தெளிவாகத் தெரிகிற தேர்வுகளில் அவர்களுக்கு மிச்சம் இருப்பவற்றில் அதுவும் ஒன்று.